இரண்டாம் ஓலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிப் பூசையில், எழுநூறு பேர் முன்னிலையில், மைக் வைத்து, கிளிஃபர்ட் தனக்குத்தானே கல்யாணம் நிச்சயம் செய்துகொண்டான். பெண்ணைக் கேட்கவில்லை. பெண் ஆறாவது பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் கடைசிப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அதைக் கோயிலில் அறிவிப்பார்கள். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னாரை மணக்க விரும்புகிறார், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று. இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலை போய்த் தாள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. மந்தைவெளிக் கோயிலில் அந்தத் தாளைக் கடந்த இரண்டு வருடமாக வாசித்து வருபவன் கிளிஃபர்ட். குரல் நல்ல குரல். சளி பிடித்தால்கூடக் கணீரென்றிருக்கும்.

அன்றைக்குத் தாளில் இருந்தது, அடையாறு பங்கை, அதாவது அடையாறு கோயிலைச் சேர்ந்த ஆண்ட்ரூவுக்கும் மந்தைவெளி ஞானப்பிரகாசத்தின் மகள் கரோலுக்கும் இரண்டாம் ஓலை. கிளிஃபர்டின் வாயிலிருந்து வந்தது வேறு.

"நமது பங்கைச் சேர்ந்த திரு. பவுல்சாமி, திருமதி கிளாடிஸ் ஆகியோரின் மகன் கிளிஃபர்ட், நமது பங்கைச் சேர்ந்த திரு. ஞானப்பிரகாசம் அவர்களின் மகள் கரோலைத் திருமணம் செய்ய விரும்புகிறார். இது இரண்டாம் ஓலை."

இதில் விசேஷம் என்னவென்றால் அவன் கவனிக்கவே இல்லை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, மூச்சு வாங்கி, மரியாயின் சேனைக் கூட்டம் மாலை நாலரைக்கு என்று அடுத்த அறிவிப்புக்கே போய்விட்டான். கோயில் அமைதியாக இருந்தது. கூட்ட அறிவிப்புக்கு யாரும் அவ்வளவு அமைதியாக இருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான். பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் அவன் அம்மா கிளாடிஸ் எழுந்து நின்றிருந்தாள். தடை சொல்ல எழுந்தாளா, தலை சுற்றி எழுந்தாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. ஆறாவது பெஞ்சில் கரோல் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று கிளிஃபர்ட் நினைத்தான்.

பீடத்திலிருந்து ஃபாதர் மெதுவாக எழுந்து வந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"சிறு திருத்தம். மாப்பிள்ளை, அடையாறு பங்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ. கிளிஃபர்ட் வாசிப்பவர் மட்டுமே."

கோயில் சிரித்தது. சிரித்ததுகூடப் பரவாயில்லை. 'வாசிப்பவர் மட்டுமே' என்றதுதான் இடது விலாவுக்குக் கீழே எங்கேயோ போய்ச் செருகிக்கொண்டது. சாமியார் ஒன்றும் குத்திச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு நன்றாகச் செருகியது.

பூசை முடிந்ததும் உள்ளறைக்குக் கூப்பிட்டு, ஏன் இப்படி என்று கேட்டார். கண் தடுமாறிவிட்டது என்றான் கிளிஃபர்ட். அவர் தாளை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தாள்ல உங்க அப்பா பேரே இல்லையேப்பா. கண்ணு எங்க போய்த் தடுமாறும்?"

கிளிஃபர்ட் தாளை வாங்கி மடித்தான். இருட்டுவதற்குள் ஆண்ட்ரூவையும் கரோலையும் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், போனில் கேட்டால் செல்லாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பதில் இல்லாமல் இல்லை. இருந்தது. வெளியே சொல்லும்படி இல்லை.

கிளிஃபர்டுக்கு இருபத்தொன்பது வயது. இந்த இரண்டு வருடத்தில் அவன் கூடப் படித்த ஏழு பேருக்கு ஓலை வாசித்திருக்கிறான். முதல் ஓலை ஷில்பாவுடையது, மாப்பிள்ளை துபாயில். அப்புறம் ஒரு பல் டாக்டர். அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கக் கிளிஃபர்டின் கணக்கு நோட்டைப் பார்த்தே எழுதி, பார்த்து எழுதியதிலும் தப்பு விட்டு, இப்போது ஜெர்மனியில் கணக்கு சம்பந்தமாகவே ஏதோ வேலையில் இருக்கும் ஒருவன். மற்ற ஆட்கள், கூடப் படித்தவர்களில் யார் எங்கே போனார்கள், யார் எதில் உயர்ந்தார்கள் என்பதை ஃபோனில் பார்த்து வயிறெரிவார்கள். கிளிஃபர்டுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவன் அதை எழுந்து நின்று, தெளிவான உச்சரிப்போடு, ஊருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

ஷில்பாவின் ஓலை வந்த அன்று, பூசைக்கு முன் உள்ளறையில் தனியாக ஒத்திகை பார்க்கும்போது, சும்மா ஒரு விளையாட்டாக மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை வைத்து முணுமுணுத்துப் பார்த்தான். செருப்புக் கடையில் வாங்க உத்தேசமில்லாத செருப்பைப் போட்டு நாலடி நடந்து பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. நன்றாகத்தான் இருந்தது. பவுல்சாமி மகன் கிளிஃபர்ட் என்பது ஓலையில் வரும்போது ஒரு கனமான ஆள் மாதிரி ஒலித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஓலைக்கும் ஒருமுறை தன் பெயரை வைத்து, ஒருமுறை சரியான பெயரை வைத்து ஒத்திகை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஏழு ஓலைக்குச் சரியாகத்தான் நடந்தது. எட்டாவதில், எந்த ஒத்திகை எது என்று நாக்குக்குக் குழம்பிவிட்டது.

ஆண்ட்ரூவின் ஓலையில் மட்டும் ஏன் குழம்ப வேண்டும் என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு.

கிளிஃபர்ட் சைதாப்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்குக் கணக்கு சொல்லித் தருகிறான். வேகம், தூரம், காலம். இரண்டு ரயில்கள், ஒரு பாலம், தொட்டியை நிரப்பும் குழாய்கள். "சைதாப்பேட்டையிலிருந்து காலை எட்டுக்குக் கிளம்ப வேண்டிய ரயில் ஆறு வருஷமா சைதாப்பேட்டையிலயே நிக்குதுன்னா, அதோட வேகம் என்ன? யாரும் சொல்லவேணாம், அது நான்தான்" என்பான். பிள்ளைகள் விழுந்து சிரிக்கும். சேர்ந்த வருடத்திலிருந்து அந்த ஜோக்கில் வருஷக் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறான்.

மையத்தை நடத்துபவர் செண்பகம் மேடம். அவர் கோட்டூர்புரத்தில், பெரிய நூலகத்துக்குப் பின்பக்கம், புதிதாக ஒரு கிளை தொடங்குகிறார். பொறுப்பைக் கிளிஃபர்ட் ஏற்க வேண்டும், ஏற்றால் இரண்டு வருடம் நகரக் கூடாது என்றார். இதைச் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அவர் பொறுமை தீர்ந்துபோனது. திங்கள் காலை பத்து மணிக்குள் 'இருப்பேன்' அல்லது 'போகிறேன்', இரண்டில் ஒன்று கிளிஃபர்டின் வாயால் வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள் பார்த்துவிடுவேன் என்றார்.

கிளிஃபர்டின் வாயில் ஏன் வரவில்லை என்றால், அதற்கும் ஆண்ட்ரூதான் காரணம். கூடப் படித்த ஆண்ட்ரூ ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறான். அங்கே புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று செப்டம்பரில் அவனே சொன்னான். கிளிஃபர்ட் அன்றைக்கே தன் விவரங்களும், பாடம் நடத்தும் வீடியோ ஒன்றும் அனுப்பினான். அதற்கப்புறம் ஐந்து மாதம். எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "பாத்துக்கலாம் மச்சி."

இந்த இரண்டு வார்த்தையை வைத்துக் கிளிஃபர்ட் ஐந்து மாதம் ஆராய்ச்சி செய்திருக்கிறான். 'பாத்துக்கலாம்' என்றால் நடக்கும் என்று பொருளா? நடக்காது என்றால் இவன் 'மச்சி' சேர்ப்பானா? அக்டோபர் வரை ஞாயிறுதோறும் கரோலோடு மந்தைவெளிப் பூசைக்கு வந்துகொண்டிருந்தவன், அதற்கப்புறம் ஏன் வருவதே இல்லை? பள்ளிக்கூடத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன், கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொல்லி இதுவரை ஏன் கேட்கவில்லை? உயரத்துக்குப் போனவர்களுக்குக் கீழே பார்த்தால் தலை சுற்றும் போல என்று ஒரு நாள் முடிவு செய்வான். பாவம், வேலை ஜாஸ்தி என்று மறுநாள் மாற்றிக்கொள்வான். இப்படித்தான் போன வாரம் முழுக்க ஆண்ட்ரூ என்ற பெயரும் கிளிஃபர்ட் என்ற பெயரும் அவன் தலைக்குள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிறு காலை, ஒன்று இன்னொன்றின் பாதையில் ஏறிவிட்டது.

கோயில் படியில் கிளாடிஸைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். திருத்தம் சொன்னபோது குழந்தையோடு வெளியே நின்றவர்கள் உண்மையாகவே வாழ்த்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் வேண்டுமென்றே வாழ்த்தினார்கள். கிளாடிஸ் முப்பத்திரண்டு வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். இந்த மாதிரிச் சிரிப்பையெல்லாம் ஒரு பார்வையில் அடக்கத் தெரியும். தெருமுனை வந்ததும் மகன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மருமகள நீயே பாத்துக்குறதுன்னா, வீட்டுல சொல்லியிருக்கலாம். நல்ல புடவையாவது கட்டிக்கிட்டு வந்திருப்பேன்."

பவுல்சாமி தன் பெயர் மைக்கில் வந்ததே பெரிது என்பதுபோல் நிமிர்ந்து நடந்தார். வீட்டு வாசலில் கீழ்வீட்டு விசாலாக்ஷி மாமி பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். "கிளாடிஸ், ஒங்காத்துல விசேஷமாமே? பால்காரன் சொல்லிண்டு போறான்" என்றார். கோயிலிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. வேகம், தூரம், காலம் என்று கிளிஃபர்ட் மனதுக்குள் போட்டுப் பார்த்தான். விடை நம்பும்படி இல்லை.

ஃபோனில் பள்ளிக்கூட குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேர். ஜெர்மனிக்காரன் அங்கே விடிகாலை என்றுகூடப் பார்க்காமல் எழுந்து உட்கார்ந்து கல்யாண மாலைப் படம் போட்டிருந்தான். ஆண்ட்ரூ ஒன்றும் எழுதவில்லை. கிளிஃபர்ட் அவனுக்குத் தனியாக, நேரில் பார்க்க வேண்டும் என்று அனுப்பினான். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் தி.நகர், தனபாலன் கடை, கோட்டுக்கு அளவு பார்க்கிறார்கள், கரோலும் வருகிறாள். 'பாத்துக்கலாம்' இல்லை, 'மச்சி'யும் இல்லை.

தனபாலனும் அதே வகுப்பு. அவன் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கிய துணிக்கடை, இப்போது மூன்று மாடி. கிளிஃபர்ட் மனதில் வைத்திருந்த வரிசையில் தனபாலன் எப்போதும் மேலே இருந்தான். ஒருமுறை அதை அவனிடமே சொன்னபோது, தனபாலன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் பிறந்த அன்றைக்கே முன்னேறிவிட்டதாகவும், அதற்கப்புறம் கல்லாவை விட்டு நகரவே இல்லை என்றும் சொன்னான். அவனுக்கு வரிசையில் எந்த இடம் கொடுப்பது என்று கிளிஃபர்டுக்கு அதிலிருந்து குழப்பம்.

ஞாயிறு மத்தியானத் தி.நகரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குப் போவதற்குத் தனியாக நடக்க வேண்டியதில்லை; கூட்டமே கொண்டுபோய்விடும். கடை வாசலில் கிளிஃபர்டை இறக்கிவிட்டுக் கூட்டம் மேலே போயிற்று. தனபாலன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து இரண்டு கையையும் கூப்பினான்.

"வாங்க புது மாப்ள. ரெண்டு மாப்பிள்ளைக்கும் சேத்தே அளவெடுத்துடவா? துணியில கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாம்."

மாடியில் தையல் பகுதி; தனபாலனும் கூடவே ஏறி வந்து உட்கார்ந்தான். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்ன மேடையில் ஆண்ட்ரூ நின்றிருந்தான். பாதி தைத்த கருநீலக் கோட்டு உடம்பில் இருந்தது. ஒரு கைக்கு மட்டும் கை உண்டு. விஜயராகவன் மாஸ்டர் வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அக்குளில், விலாவில், முதுகில் குத்திக்கொண்டிருந்தார். ஆண்ட்ரூ கைகளை விரித்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டான். பக்கத்து ஸ்டூலில் கரோல். கிளிஃபர்டைப் பார்த்ததும் கைக்குட்டையை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோனாள். தோள் மறுபடி குலுங்கியது.

அழாதே, தப்பு என்னுடையதுதான் என்று கிளிஃபர்ட் தொடங்கினான். கரோல் கைக்குட்டையை எடுத்தாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். வாய் முழுக்கச் சிரிப்பு.

"லூசு, நான் எங்க அழுதேன்? உங்க அம்மா எழுந்து நின்னாங்க பாரு... அத நினைச்சு காலையிலேர்ந்து நான் சோறே சாப்பிடல."

ஆண்ட்ரூ சிரிக்கவில்லை. அவன் திரும்ப முடியாது. கண்ணாடி வழியாகவே கிளிஃபர்டைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்குறேன். தப்பா எடுத்துக்காத. கரோல் மேல உனக்கு ஏதாச்சும்... எப்பவாச்சும் இருந்துச்சா?"

மாஸ்டரின் கை ஒரு கணம் நின்றது. துணிக்கடையில் முப்பது வருடம் இருந்தவருக்குக் காது எங்கே நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனபாலன் டீ சொல்லப் போகிறேன் என்று எழுந்து, போகாமல் நின்றான்.

இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கிளிஃபர்டுக்குத் தோன்றியது: காலையில் எழுநூறு பேர் முன்னால் போன மானத்தில், இங்கே நாலு பேர் முன்னால் போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? சொன்னான். உள்ளறை ஒத்திகையைச் சொன்னான். ஒவ்வொரு ஓலையிலும் தன் பெயரை வைத்துப் பார்ப்பதைச் சொன்னான். சொல்லச் சொல்ல, அது உள்ளே இருந்தபோது இருந்ததைவிட அசிங்கமாகக் கேட்டது.

"ஏழு ஓலையிலயுமா?" என்றாள் கரோல். "ஷில்பாவுக்குமா?"

"ஷில்பாவுக்கு நான்தான் முதல் மாப்பிள்ளை."

"ஏழு பொண்டாட்டி கட்டுன ஒருத்தன் எங்க கடையில ஒரு கோட்டு எடுக்கல" என்றான் தனபாலன்.

ஆண்ட்ரூ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏன் என்று மட்டும் கேட்டான்.

கிளிஃபர்ட் வழக்கம்போல் ஒரு ஜோக்கைத் தேடினான். கையில் அகப்படவில்லை. அதனால் உள்ளதே வந்தது.

"நீங்கல்லாம் ஒவ்வொருத்தரா கிளம்பிப் போறீங்க. நான் நின்னு, யார் யார் போறாங்கன்னு படிச்சிக் காட்டுறேன். எனக்கு வேணும்னது கரோல் இல்லடா. நீ."

கரோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அதவிட மோசமா கீதே மச்சி" என்றான் தனபாலன்.

"அவன் இல்ல, அவன் இடம். அவன் நிக்கிற இடம்." கிளிஃபர்ட் மேடையைக் காட்டினான். பலகையில் சாக்குக்கட்டி தூள் படிந்த அரையடி உயர மேடை. கை காட்டிய பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

அப்படியானால் தன்னை யாருமே விரும்பவில்லை, இந்த ஓலையில் தான் இருப்பது சும்மா இடத்தை நிரப்பத்தான் என்று கரோல் தனபாலனிடம் முறையிட்டாள். அவள் குரலில் கேலிதான். ஆனாலும் கிளிஃபர்டின் பக்கம் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். உட்கார் என்று அர்த்தம். அவன் உட்காரவில்லை.

மன்னிப்புக் கேட்டாயிற்று. ஃபாதர் சொன்ன வேலை முடிந்தது. இனி டீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் நாளைக்குக் காலை பத்து மணி என்று ஒன்று இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பெஞ்சும் பலகையும் வாங்கிப் போட்டுவிட்டு செண்பகம் மேடம் இரண்டில் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறார். இங்கே இந்தக் கண்ணாடிக்குள் நிற்பவன் ஐந்து மாதமாக இரண்டு வார்த்தையை வைத்தே ஓட்டுகிறான். கிளிஃபர்ட் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றான். இப்போது கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். ஒருவன் கோட்டில், ஒருவன் காலையில் ஓலை வாசித்த அதே வெள்ளைச் சட்டையில்.

"ஆண்ட்ரூ. செப்டம்பர்ல உன்கிட்ட ஒண்ணு அனுப்புனேன். நாளைக்குப் பத்து மணிக்கு நான் மேடத்துக்கு ஒரு பதில் சொல்லணும். உங்க கம்பெனி வேலை எனக்கு வருமா, வராதா?"

"அதான் சொன்னேனே மச்சி. கல்யாணம் முடியட்டும். பாத்து..."

அவன் வலது கை, பழக்கத்தில், ஃபோனைத் தேடிப் பேன்ட் பாக்கெட்டுக்கு இறங்கியது. "அசையாதீங்க சார்" என்றார் மாஸ்டர், ஊசிகளுக்கு நடுவிலிருந்து. "பதினெட்டு ஊசி கீது. ஒண்ணு ஏறுனாலும் ரத்தம் பட்டு கோட்டுக்குத் துணி வேற மாத்தணும்." கை மறுபடி காற்றில் விரிந்து நின்றது. ஃபோன் இல்லை, போக்கு இல்லை, திரும்பிக்கொள்ள முதுகுகூட இல்லை. கண்ணாடியில் முதுகுக்குப் பின்னாலும் கிளிஃபர்ட்தான் இருந்தான்.

ஆண்ட்ரூ கரோலைப் பார்த்தான். கரோல் இப்போது சிரிக்கவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்தாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டபோது கிளிஃபர்டுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஐந்து மாதமாகத் தான் போட்ட கணக்குகளில் இந்த ஒரு விடை மட்டும் இல்லாமல் போனதே என்றுதான் இருந்தது. ஆண்ட்ரூவின் முகத்தில் மேலே இருப்பவனின் களை எதுவும் இல்லை. ஹோம்வொர்க் செய்யாமல் வந்து, டீச்சர் வரிசையாக நோட்டைப் பார்த்துக்கொண்டே தன் பெஞ்சுக்கு வரும்போது ஒருவன் முகம் போகுமே, அப்படிப் போயிருந்தது. அந்த முகத்தைக் கிளிஃபர்டுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்தில் தன் நோட்டைப் பெஞ்சுக்கடியில் ஆண்ட்ரூ பக்கம் தள்ளிவிடுவது கிளிஃபர்டின் வழக்கம்.

"சொல்லு மச்சி" என்றான். "என்னவா இருந்தாலும் எனக்கு வேணும்."

ஆண்ட்ரூ கண்ணாடியை விட்டுவிட்டு, ஊசி குத்தினாலும் குத்தட்டும் என்று கழுத்தைத் திருப்பி நேராக அவன் முகத்தைப் பார்த்தான்.

"அனுப்புன மறுநாளே குடுத்தேன்டா. அக்டோபர் கடைசியில உன் வீடியோவ முழுசா, பத்து நிமிஷமும் பாத்தாங்க. அந்த ரயில் ஜோக்குக்கு ரூமே சிரிச்சுது. முடிஞ்சதும் எங்க மேனேஜர், ஆள் நல்லாத்தான் பேசுறாரு, ஆனா அந்த ரயில் கடைசி வரைக்கும் கிளம்பவே இல்லையேன்னு கேட்டாரு. பாடம் எங்கேன்னாரு. அப்பவே வேற ஆள எடுத்துட்டாங்க. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல எனக்குத் துப்பில்ல, அதான் ஞாயித்துக்கெழம உங்க கோயில் பக்கமே வர்றதில்ல. தோழனா நிக்கிறியான்னு கேக்கணும்னாலும் இத முதல்ல சொல்லணுமேன்னு கேக்கல. வராது மச்சி. அந்த வேல உனக்கு வராது."